கொடிவழிக்கு ஐந்தாண்டு ஆயுளா?

குடும்பக் கொடிவழி எழுதுகிற எவரும் தமக்காக மட்டும் எழுதுவதில்லை. பேரன் பேத்திகள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறோம். அப்படி மூன்று தலைமுறைக்கு நிற்க வேண்டிய பதிவை, கணினியின் மூளையான பிராசஸர் சிப் மாறிவிட்டது என்ற ஒரே காரணத்தால் திறக்கவே முடியாமல் செய்கிறார்களே, இது என்ன நியாயம்? பழைய கணினி பழுதாகிப் புதியது வாங்கினேன். ஆண்டுக்கணக்கில் பெயர் பெயராகச் சேர்த்த கோப்பை அதில் போட்டால், இந்த நிரல் இந்தக் கணினியில் இயங்காது என்கிறது திரை. விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். புதிய பதிப்பை வாங்குங்கள் என்றார்கள். அது என் பழைய கோப்பைப் படிக்குமா என்று கேட்டேன். முதலில் பழைய நிரலில் திறந்து, மற்ற மென்பொருள்களும் படிக்கும் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள் என்று பதில் வந்தது. பழைய நிரல் திறக்கவில்லை என்பதுதானே என் புகார்!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பிராசஸர் குடும்பத்துக்கும் தனிக் கட்டளைத் தொகுதி உண்டு. இன்டெல் சிப்புக்காக உருவாக்கிய நிரல், ஏஆர்எம் வகைச் சிப்புக்குப் புரியாது. நடுவே மொழிபெயர்த்துக் கொடுக்கும் ஓர் அடுக்கு இருந்தால் ஓடும். அந்த அடுக்கை எடுத்துவிட்டால் நின்றுவிடும். என் கோபமெல்லாம் இந்த எடுத்துவிடுவதில்தான்.

ஆப்பிளின் வரலாற்றையே பாருங்கள். 1994இல் மோட்டோரோலா சிப்பிலிருந்து பவர்பிசிக்கு மாறினார்கள். 2006இல் இன்டெல்லுக்கு. பழைய நிரல்கள் ஓடுவதற்கு ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பு அடுக்கைக் கொடுத்தார்கள். 2011இல் வந்த லயன் என்ற மேக் இயங்குதளப் பதிப்பில் அதைத் தூக்கிவிட்டார்கள். ஐந்தே ஆண்டு! 2019இல் கேட்டலினா பதிப்பு வந்தபோது, 32 பிட் என்ற பழைய வகை நிரல்கள் மொத்தமும் போயின. 2020இல் தங்கள் சொந்தச் சிப்புக்குத் தாவி, ரொசெட்டா 2 கொடுத்தார்கள். அதுவும் மேக்ஓஎஸ் 27 பதிப்போடு முடியும், பிறகு சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் கொஞ்சம் மிஞ்சும் என்று 2025இல் அறிவித்தாயிற்று. விளையாட்டுக்கு இடம் இருக்கிறது, கொள்ளுப்பாட்டனுக்கு இல்லை.

விண்டோஸ் பக்கம் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 32 பிட் நிரல்கள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் அதற்கும் முந்தைய 16 பிட் காலத்து நிரல்களை இன்றைய 64 பிட் விண்டோஸ் தொடுவதே இல்லை; 32 பிட் விண்டோஸில்தான் அவை ஓடின. 2021இல் வந்த விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால் அந்த வழியும் அடைபட்டது.

தொழில்நுட்பம் வளர்ந்தால் பழையது கழியத்தான் செய்யும் என்று சொல்ல வருபவர்கள் ஒரு நிமிடம் நிற்கட்டும். ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளுக்கு எழுதிய பயன்பாட்டு நிரல்களை இன்றைய ஐபிஎம் பெருங்கணினிகளிலும் ஓட்ட முடிகிறது. அறுபது ஆண்டுகளாக! வங்கிகளும் அரசாங்கங்களும் பணத்தோடு வந்து கேட்பதால் செய்கிறார்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து நிரல்களை இன்றைய எந்தக் கணினியிலும் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைத் தன்னார்வலர்கள்தான் எழுதினார்கள். சம்பளம் வாங்காதவர்களால் முடிந்தது, கோடிகளில் புரளும் நிறுவனங்களால் முடியாதா? முடியும். நம்மைப் போன்றவர்களுக்காகச் செய்ய மனம் இல்லை, அவ்வளவுதான்.

சரி, ஏற்றுமதி செய்தால் எல்லாம் வந்துவிடுமா? மதுரையில் சித்தி மகன் வீட்டில் இருந்த பழைய கணினியில் நிரலை ஏற்றி, ஒருவழியாக ஜெட்காம் கோப்பாக எடுத்தேன். கொடிவழி மென்பொருள்களுக்கிடையே தகவலைக் கடத்துவதற்காக மார்மன் திருச்சபை 1984இல் உருவாக்கிய கோப்பு முறை அது. திறந்து பார்த்தால் முதல் பக்கத்திலேயே வயிறு எரிந்தது. தமிழ்ப் பெயர்கள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள். பழைய ஜெட்காமின் இயல்பான எழுத்துக்குறி முறை லத்தீன் எழுத்துகளுக்கானது. தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 முறைக்கு, ஜெட்காமின் 1999ஆம் ஆண்டு வரைவிலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் என் நிரலை எழுதியவர்கள் அதை முதல் தேர்வாக வைக்காமல், மூன்று பட்டியல்களுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். அதைத் தேடிப் பிடித்து மறுபடி எடுத்த பிறகுதான் பெயர்கள் பெயர்களாக வந்தன.

பெயர் வந்தது, மற்றவை வரவில்லை. எங்கள் பாட்டனார் ஒருவரின் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. தாது வருஷப் பஞ்சம் முடிந்து இரண்டாம் ஆண்டு பிறந்தவர் என்று ஆச்சி சொன்னதை அப்படியே தேதிக் கட்டத்தில் எழுதியிருந்தேன். 1876இல் தொடங்கி தென்னிந்தியாவைச் சூறையாடிய அந்தப் பஞ்சம்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காலண்டர். அடைப்புக்குறிக்குள் இப்படிச் சொற்களாகத் தேதியை எழுதுவதை ஜெட்காம் விதிகளே அனுமதிக்கின்றன. இந்த நிறுவனத்தின் நிரல் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வெற்றுக் கட்டத்தை அனுப்பியிருக்கிறது. காதுகுத்து, சடங்கு, குலதெய்வக் கோயில் என்று நான் சேர்த்தவற்றையெல்லாம் அந்த நிரல் தன் சொந்தக் குறிகளில் வைத்திருந்தது. புதிய மென்பொருளுக்கு அவை தெரியாததால் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. ஒரு எச்சரிக்கை வரி கூடக் காட்டவில்லை. புகைப்படங்கள் பழைய ஜெட்காமுக்குள் பொதுவாகப் போவதில்லை, அவை இருக்கும் கோப்புறையின் முகவரி மட்டும் போகும். கணினி மாறினால் முகவரியும் பொய்யாகிவிடுகிறது. இப்போது என்னிடம் படங்கள் இருக்கின்றன, பெயர்களும் இருக்கின்றன, எந்த முகம் யாருடையது என்ற இணைப்பு இல்லை. அதைச் சொல்லக்கூடிய பெரியம்மா இப்போது உயிரோடு இல்லை.

யாருக்காவது இது சின்ன விஷயமாகத் தெரிந்தால் எனக்கு வருத்தம்தான். காகிதத்தில் இல்லாத, யார் நினைவிலும் மிஞ்சாத தகவல் அது. ஒரு மென்பொருள் நிறுவனம் தன் கவனக்குறைவால் அழித்தது.

நிறுவனங்களே மறைந்துபோகும் துறை இது என்பது இன்னும் கொடுமை. பலர் நம்பிய பர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் என்ற கொடிவழி மென்பொருள் 2013இல் நிறுத்தப்பட்டது. தி மாஸ்டர் ஜீனியாலஜிஸ்ட் 2014இல் முடிந்தது. ஃபேமிலி ட்ரீ மேக்கரை நிறுத்தப்போவதாக 2015 டிசம்பரில் அதன் உரிமையாளரான ஆன்செஸ்ட்ரி நிறுவனம் அறிவித்தபோது பயனர்கள் கொதித்தார்கள்; இரண்டு மாதத்தில் வேறொரு நிறுவனம் எடுத்துக்கொண்டதால் அது பிழைத்தது. கைவிடப்பட்ட மென்பொருளைப் புதிய சிப்புக்கு யார் மாற்றி எழுதித் தருவார்கள்?

பழைய கணினியை வைத்துக்கொள்ளுங்களேன் என்கிறார்கள். பேட்டரி ஊதி, ஹார்டு டிஸ்க் முனகும் கணினியை எத்தனை நாள் கும்பிட்டுக்கொண்டிருப்பது? இணையதளத்துக்கு மாறுங்கள் என்கிறார்கள். உயிரோடு இருக்கும் என் தங்கை பிள்ளைகளின் பிறந்த தேதியை யாரோ ஒருவரின் சர்வரில் ஏற்றி, அதைப் பார்க்க நான் ஆண்டுதோறும் சந்தா கட்ட வேண்டுமா? மாட்டேன்.

கொடிவழி மென்பொருள் விற்கும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இதைத்தான். 2021இல் வந்த ஜெட்காம் ஏழாம் பதிப்பு யுடிஎஃப்-8இல்தான் எழுதப்பட வேண்டும் என்கிறது. படங்களையும் சேர்த்துக் கட்டித் தர வழி செய்கிறது. அதை முழுமையாகக் கொடுங்கள். ஏற்றுமதியில் எது விடுபடுகிறது என்று வரி வரியாகத் திரையில் காட்டுங்கள். பிராசஸர் மாறப்போகிறது என்று தெரிந்த அன்றே, பழைய நிரல் இன்னும் திறக்கும்போதே, பணம் கட்டிய ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதுங்கள். கடையை மூடுவதானால், உங்கள் கோப்பின் அமைப்பை விளக்கும் ஆவணத்தை வெளியிட்டுவிட்டு மூடுங்கள். இதே கோரிக்கைகளை என் நிறுவனத்துக்கு மறுபடியும் எழுதியிருக்கிறேன். தள்ளுபடி விலையில் புதிய பதிப்பு என்ற விளம்பரம்தான் பதிலாக வந்தது. அதை நான் வாங்கப்போவதில்லை.