புதுசா வர்றவங்கள விரட்டாதீங்க

ரொம்ப நாளா மனசுல கிடக்கறத எழுதிடறேன். நான் மொதமொதல்ல ஒரு கேள்வி பதில் தளத்துல கேள்வி போட்டப்ப பத்தே நிமிஷத்துல ஏற்கெனவே கேட்ட கேள்வி, டூப்ளிகேட்னு சொல்லி, யாரும் பதில் போட முடியாதபடி மூடிட்டாங்க. அவங்க குடுத்த லிங்க்ல இருந்த கேள்வி பாக்க என்னோடது மாதிரியே இருந்துச்சு, ஆனா என் பிரச்சினை அது இல்ல, அது ஏன் இல்லன்னு விளக்கவும் எனக்கு அப்ப தெரியல, தெரிஞ்சிருந்தா கேட்டிருக்கவே மாட்டேனே. ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகல.

இப்ப நானே பதில் சொல்ற எடத்துல இருக்கேன், அதனால மூடினவர் மேல கோபம் இல்ல. ஒரே கேள்வி அம்பதாவது தடவ வரும்போது வர்ற அலுப்பு எனக்கும் தெரியும்.

ஆனா அந்த அலுப்புல புது ஆள விரட்டினா என்ன ஆகும்னு பாக்க விக்கிப்பீடியாவ எடுத்துக்கோங்க. அதுக்கு முன்னாடி 2000-ல நியூபீடியான்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, நிபுணர்கள் எழுதணும், ஏழு கட்டமா சரிபாக்கணும்னு வச்சாங்க, மொத வருஷத்துல தேறினது இருபத்தி சொச்சம் கட்டுரைதான். 2001 ஜனவரில யார் வேணா எழுதலாம்னு கதவத் திறந்ததும் அந்த வருஷக் கடைசிக்குள்ள கிட்டத்தட்ட 20,000 கட்டுரை. கூட்டம் வந்தா விஷமமும் வரும்தானே. 2005-ல ஒரு பத்திரிகையாளரப் பத்தி யாரோ எழுதின பொய் மாசக்கணக்குல அப்படியே கிடந்துச்சு, அதுக்கப்புறம் ஆங்கில விக்கில கணக்கு இல்லாதவங்க புதுக் கட்டுரை தொடங்க முடியாதுன்னு ஆக்கினாங்க. நியாயமான விதி. விதி ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி இப்படி ஒரு அடி பட்ட கதை இருக்கும். ஆனா அதெல்லாம் சேந்து, தப்பா எடிட் பண்ணினா உடனே பழையபடி மாத்திடற தானியங்கி புரோகிராமும் (bot) சேந்து, நல்லெண்ணத்தோட வந்த புது ஆளையும் விஷமி மாதிரியே நடத்த ஆரம்பிச்சிடுச்சு. 2007 வாக்குல உச்சத்துல இருந்த எடிட்டர் எண்ணிக்கை அப்புறம் வருஷக்கணக்குல இறங்கினதுக்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்னு ஆய்வு பண்ணினவங்களே சொன்னாங்க.

2008-ல வந்த, புரோகிராம் எழுதறவங்களுக்கான கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் இதே வழிதான். புதுசா வர்றவங்களுக்கு இங்க நல்ல வரவேற்பு இல்லன்னு 2018-ல அவங்களே ஒத்துக்கிட்டாங்க. 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்துச்சு, அங்க வர்ற புதுக் கேள்விங்க மளமளன்னு கொறஞ்சுது. வேகம் ஒரு காரணம், சரி. அது திட்டாதுங்கறதும் காரணம்னு நான் உறுதியா நம்பறேன். ஆனா அதுகிட்ட தனியா கேட்டு வாங்கின பதில் அடுத்தவன் தேடும்போது கெடைக்காது, அது தப்பா இருந்தாலும் திருத்த நாலு பேர் இல்ல, அந்த மெஷினே இந்த மனுஷங்க வருஷக்கணக்கா சும்மா எழுதிக் குடுத்தத படிச்சு வளந்ததுதான்.

மாடரேட்டரா இருக்கறவங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. மூடறதுக்கு முன்னாடி "இந்த லிங்க்ல இருக்கறது உங்க பிரச்சினைதானா, எங்க வித்தியாசப்படுது?"ன்னு கேட்டுட்டு ஒரு நாள் பொறுங்க. நான் அப்படித்தான் செய்யறேன். பாதிப் பேர் திரும்பி வரமாட்டாங்க, வர்றவங்க கேள்விய அவங்களே சரியா எழுதிடறாங்க. அப்படி வந்தவங்கள்ல ரெண்டு பேர் இப்ப எனக்கு முன்னாடியே பதில் போட்டுடறாங்க.