கதை முடிந்ததும் கேள்வி கேட்காதீர்கள்

சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி முடித்த கையோடு, "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்கும் பழக்கத்தை நாம் எப்போதுதான் விடப்போகிறோமோ! அஞ்சு வயசுப் பிள்ளை என்ன சொல்லும்? "பொய் சொல்லக் கூடாது" அல்லது "ஒற்றுமையா இருக்கணும்". இரண்டில் ஒன்று எப்படியும் பொருந்திவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். கெட்டிக்காரர்கள்.

நல்ல கதை எது என்று சொல்லித்தர பாட்டி வடை சுட்ட கதையே போதும். காக்காவுக்கு வடை வேண்டும், நரிக்கும் அதே வடை வேண்டும். "நரிகிட்ட ஏற்கெனவே ஒரு வடை இருந்திருந்தா?" என்று கேட்டுப் பாருங்கள். "அப்ப கதையே இல்லையே" என்று ஏதாவது ஒரு வாண்டு சொல்லிவிடும். அப்புறம், வடையைக் காலில் வைத்துக்கொண்டு பாடிய காக்காவைப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? நரியோடு சேர்ந்து, கேட்கிறவர்களும் வடை விழும் என்று காத்திருந்து ஏமாறுகிறார்கள். அந்த ஏமாற்றத்தில்தான் ருசி.

விவியன் பேலி என்று அமெரிக்காவில் ஒரு மழலையர் வகுப்பு ஆசிரியை இருந்தார். சிகாகோவில் நெடுங்காலம் பாடம் நடத்தியவர். பிள்ளைகள் சொல்லச் சொல்ல அவர்கள் கதையை அப்படியே எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பே சேர்ந்து அதை நடிக்கும். இதைப் படித்துவிட்டு எங்கள் தெருப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தேன். ஒன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி சொன்ன முழுக்கதை: "ஒரு யானை இருந்துச்சு. தூங்கிச்சு." யானையான பையன் படுத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் யானையே தலையைத் தூக்கி, "எவ்ளோ நேரம்டி படுத்திருக்கிறது?" என்றது. அவள் யோசித்தாள். "யானை தூங்குனது பஸ் ஸ்டாப்புல" என்றாள்.

அவ்வளவுதான், மூன்று பேர் பஸ்ஸாகி ஹாரன் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கதைக்குச் சிக்கல் வேண்டும் என்று நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் இது நடந்திருக்காது.

நீதி சொல்லாவிட்டால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா என்று சிலர் கேட்கிறார்கள். நீதிக்கென்றே பேர்போன பஞ்சதந்திரத்தைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் ஒருவர் முதலிலேயே நீதியைச் சொல்லிவிடுவார். கேட்பவர் "அது எப்படி?" என்பார். அதற்கு அப்புறம்தான் கதை. நீதி அங்கே கதை கேட்கத் தூண்டும் தூண்டில். நாம்தான் அதைக் கடைசியில் வைத்துப் பரீட்சைக் கேள்வி ஆக்கிவிட்டோம்.

நம் அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் என்று, ‘நுழை, நட, ஓடு, பற’ என நிலை பிரித்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் கொடுத்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஆசிரிய நண்பர்களுக்கு ஒரே விண்ணப்பம்: பிள்ளை புத்தகத்தை மூடியதும் பயிற்சித்தாளை நீட்டாதீர்கள். தானாக ஏதாவது சொல்ல வந்தால், காது கொடுங்கள். எழுத்துப்பிழையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.