கறுப்பு டீ-ஷர்ட்டும் எண்பது கோடுகளும்

எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் வெள்ளிக்கிழமைதோறும் ஒரே டீ-ஷர்ட்டில் வருவான். கறுப்புத் துணி, நெஞ்சில் மலைத்தொடர் மாதிரி அடுக்கடுக்காக வெள்ளைக் கோடுகள். போன வாரம் கேன்டீனில் சீனியர் ஒருவர் அவனை மடக்கினார். "ஜாய் டிவிஷன் பாட்டு மூணு சொல்லு, பார்க்கலாம்." பையன் முழித்தான். "அது பிராண்டுங்களா சார்?" என்றான். மேஜையே சிரித்தது. ஜாய் டிவிஷன் இங்கிலாந்து ராக் பாண்டு, அந்தக் கோடுகள் அவர்கள் ஆல்பத்தின் அட்டைப்படம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2009-இல் திருப்பூர் காதர்பேட்டையில் இதே டீ-ஷர்ட்டை எழுபது ரூபாய்க்கு வாங்கியவன் நான். ஏற்றுமதிக்குப் போகாமல் தங்கிவிட்ட செகண்ட்ஸ் பீஸ், தோள்பட்டைத் தையல் கொஞ்சம் இழுத்திருக்கும். கோடுகளை இமயமலை என்றே நினைத்திருந்தேன். இரண்டு வருடம் போட்டு, கழுத்து தொளதொளத்த பிறகுதான் ஒரு நண்பன் விஷயத்தைச் சொன்னான்.

அது மலை இல்லை, ஒரு செத்த நட்சத்திரத்தின் துடிப்பு. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜாஸ்லின் பெல் கண்டுபிடித்த முதல் பல்சார். 1.337 விநாடிக்கு ஒருமுறை அதிலிருந்து ரேடியோ அலை வந்து தட்டும். (1974-இல் இதற்கு நோபல் வாங்கியவர் அவருடைய வழிகாட்டி. பெல்லுக்குக் கொடுக்கவில்லை. அது தனி வயிற்றெரிச்சல்.) புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரசிபோ தொலைநோக்கியில் பதிவான துடிப்புகளை ஹரால்ட் கிராஃப்ட் என்ற மாணவர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரைந்து, 1970-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேட்டில் சேர்த்தார். எண்பது துடிப்பு, எண்பது கோடு. பிறகு ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் அந்தப் படம் வந்தது. அதில் அந்த மான்செஸ்டர் பாண்டுப் பையன்களின் கண்ணில் பட்டு, 1979 ஜூனில் ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பமான 'அன்நோன் பிளஷர்ஸ்' அட்டையில் ஏறியது. வடிவமைத்தவர் பீட்டர் சாவில். வெள்ளைத் தாளில் கறுப்பாக இருந்த கோடுகளை அவர் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பிப் போட்டார்.

கிராஃப்டுக்கு இது எதுவும் தெரியாது. பிற்பாடு யாரோ சொல்லி இசைத்தட்டுக் கடைக்குப் போய்ப் பார்த்தவர், ஆல்பம் ஒன்றும் போஸ்டர் ஒன்றும் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறார். படம் வரைந்தவருக்கே பாண்டு தெரியாமல் இருந்திருக்கிறது. பனியன் போட்டவனுக்கு மட்டும் எதற்குப் பரீட்சை?

சரி, பாட்டுக்கு வருகிறேன். முதல் தடவை கேட்டபோது எனக்குப் பிடிபடவே இல்லை. டிரம்ஸ் ஒரு காலி கிடங்கில் யாரோ கதவைச் சாத்துவது மாதிரி கேட்கும். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் செய்த வேலை அது, டிரம்ஸின் ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாக வாசிக்கவிட்டுப் பதிந்தார். பாண்டிலேயே சிலருக்கு அந்தச் சத்தம் அப்போது பிடிக்கவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். பாஸ் கிட்டாரோ அடியில் உறுமாமல் மேலே ஏறிப் பாடும். பாஸ் வாசித்த பீட்டர் ஹுக்கிடம் இருந்த ஸ்பீக்கர் மட்டமானது. கிட்டார் இரைச்சலில் தன் வாசிப்பு தனக்கே கேட்க வேண்டுமென்று மேல் சுரங்களுக்குப் போனார். கையில் காசில்லாததால் பிறந்த பாணி. அந்தப் பாஸை எத்தனை பாண்டுகள் பிறகு எடுத்தாண்டன! நியூயார்க்கின் இன்டர்போல் என்ற பாண்டைக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.

பாடகர் இயான் கர்ட்டிஸ் அதற்குள் போய்விட்டார். 1980 மே 18, அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப ஒரு நாள் இருக்கும்போது, 23 வயதில் தற்கொலை. மிச்சமிருந்தவர்கள் நியூ ஆர்டர் என்று வேறு பெயரில் தொடர்ந்தார்கள். ஜாய் டிவிஷன் இரண்டே ஆல்பத்தோடு நின்றுவிட்டது. பனியன் நிற்கவில்லை. 2012-இல் டிஸ்னி அந்தக் கோடுகளை மிக்கி மவுஸ் தலை வடிவத்தில் வளைத்து டீ-ஷர்ட் விட்டது. சலசலப்பு கிளம்பியதும் திரும்ப எடுத்துக்கொண்டது.

எனக்கும் ஒரு மனக்குறை உண்டு, ஆனால் அது பையன்மேல் இல்லை. அந்த ஆல்பத்தின் முன்னட்டையில் பாண்டு பெயர் கிடையாது, ஆல்பம் பெயரும் கிடையாது. சொரசொரப்பான கறுப்பு அட்டைக்கு நடுவே சின்னதாக அந்தப் படம், சுற்றிலும் வெறும் கறுப்பு. இது என்ன என்று நாமாகக் கேட்க வேண்டும். இன்றைக்குக் கடையில் தொங்கும் பனியன்களில் பாதியில், நெஞ்சு முழுக்கப் படத்தை ஊதிப் பெருக்கி, மேலே கொட்டை எழுத்தில் பெயரைப் போட்டு வைத்திருக்கிறார்கள். தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள வசதிதான். எழுபது ரூபாய் பனியனில் எந்தப் பெயரும் இல்லாததால்தான் நான் இரண்டு வருடம் இமயமலையைச் சுமந்தேன். அந்த இரண்டு வருடம் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, கோடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவ்வளவு நெருக்கமான வெள்ளைக் கோட்டைக் கறுப்புத் துணியில் அச்சடித்தால் மசி பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மட்டமான பிரிண்டிங்கில் பாதிக் கோட்டைத் தூக்கிவிடுவார்கள். அன்று சாப்பிட்டு முடித்ததும் பையனை ஜன்னலோரம் நிறுத்தி எண்ணினேன். நாற்பத்தி மூன்று. "மிச்சம் முப்பத்தி ஏழு எங்கீங்ணா?" என்றான். பல்சார் கதையைச் சொன்னேன், ஆல்பத்தையும் அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை வந்து சொன்னான்: "நட்சத்திரம் மேட்டர் செமங்ணா. பாட்டுதான் ஒரே அழுகாச்சியா இருக்குது."

வெள்ளிக்கிழமை அதே பனியனில்தான் வந்தான்.