பின் விங் பூட்டினால் மழையில் கார் வழுக்காதா?

திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘பந்தயக் கார் போலப் பின்னால் பெரிய விங் பூட்டினால் மாரி மழையிலும் வழுக்காது, பெட்ரோலும் மிச்சம்.’ இரண்டுமே தவறு.

விங் என்பது கவிழ்த்து வைத்த விமான இறக்கை போன்ற பலகை. ஓடும்போது அது காரைக் கீழே அழுத்துவது உண்மைதான். ஆனால் அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசி. போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் காரையே எடுங்கள். மணிக்கு 200 கிலோமீட்டரில் கார் முழுவதற்கும் 409 கிலோ அழுத்தம் என்று நிறுவனமே சொல்கிறது. அதே கணக்கில் 50 கிலோமீட்டரில் ஏறக்குறைய 25 கிலோ, ஒரு அரிசி மூட்டை அளவுதான். அதுவும் முன்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் பந்தயத் தடத்துக்கென்றே வடிவமைத்த கார். கந்தளாய் வீதியில் நாம் ஓடும் வேகத்தில் டிக்கியில் திருகிய விங் என்ன செய்துவிடும்?

வேகம் கூடினால் கெடுதலும் வரலாம். இங்குள்ள சின்னக் கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் இழுப்பவை. பின் அச்சையும் தாண்டி நிற்கும் விங், கிணற்றுத் துலாவைப் போல, பின்பக்கத்தை அமத்தி முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். இழுப்பதும் திருப்புவதும் அந்த முன்சக்கரங்கள்தானே.

சரி, பெட்ரோல்? பெரிய விங் காற்றுத் தடையைக் கூட்டும், அதனால் பெட்ரோல் கூடுதலாகத்தான் செலவாகும். ஃபார்முலா 1 பந்தயத்தில் 2011இல் நேர்பாதைகளில் பின் விங்கின் மடலைத் திறக்க அனுமதித்ததே அந்தத் தடையைக் குறைத்து முந்துவதற்காகத்தான்.

409 கிலோ கணக்கைப் போர்ஷேயின் இணையத்தளத்திலும், வர்க்க விதியை, விமானத்தைத் தூக்கும் ஏற்றுவிசை பற்றிய நாசாவின் பாடத்திலும் பார்க்கலாம். மழையில் பிடி தருவது டயர். பள்ளங்கள் தேய்ந்திருந்தால் விங்குக்கு வைத்த காசில் டயரை மாற்றுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.