ஏன் கத்தலன்னு கேக்குறவங்களுக்கு

ரெண்டு நாளா, ஒரு பலாத்கார வழக்கைப் பத்தின அந்த டிவி விவாத நிகழ்ச்சியோட கிளிப் என் டைம்லைன்ல சுத்திக்கிட்டே இருக்கு. என்ன ஏதுன்னு விளக்கப் போறதில்ல, எல்லாரும் பாத்தாச்சு, பாதிப் பேரு ஷேரும் பண்ணியாச்சு. பேருக்கு கீழ மூத்த வழக்கறிஞர்னு போட்டு உக்காத்தி வச்சிருந்த அந்த மனுஷன் "பக்கத்து ரூம்ல ஆள் இருந்திருக்காங்க, ஒரு சத்தம் போட்டிருந்தா போதுமே, ஏன் கத்தல?"ன்னு கேட்டாரு. அதுக்கு அந்த நெறியாளர் ஏதோ பெரிய பாயிண்ட்ட புடிச்சிட்ட மாதிரி தலையாட்டினாரு பாருங்க, அதுதான் தாங்கல.

நான் வக்கீலுக்குப் படிச்சவ, கொஞ்ச நாள் கோர்ட்டுலயும் இருந்தவ, அதனால சொல்றேன். சட்டம் கேக்குறது "சம்மதிச்சாளா?". "சண்டை போட்டாளா?" இல்ல. இது ரெண்டும் ஒண்ணு இல்லங்க. 2013ல வந்த திருத்தத்துலயே சம்மதம்னா என்னன்னு தெளிவா எழுதிட்டாங்க. வார்த்தையாலயோ சைகையாலயோ வேற எந்த விதத்துலயோ, அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு, தானா முன்வந்து, சந்தேகத்துக்கு இடமில்லாம விருப்பத்தைத் தெரிவிக்கணும். அதோட விட்டாங்களா? உடம்பால எதிர்க்கலைங்கிற ஒரே காரணத்துக்காக அவ சம்மதிச்சான்னு எடுத்துக்கக் கூடாதுன்னு கீழயே தனியா ஒரு வரி. 2024 ஜூலை 1ல இருந்து பழைய சட்டத்துக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா வந்துச்சு, பலாத்காரத்துக்கான பிரிவு 375ங்கிற நம்பர்ல இருந்து 63ஆ மாறுச்சு, அந்த வரி மாறல. மூத்த வழக்கறிஞருக்கு அதைப் படிக்க நேரம் கிடைக்கல போல, டிவிக்கு வர மட்டும் கிடைச்சிருக்கு.

அந்த ஒத்த வரி சும்மா வரல. மகாராஷ்டிராவுல மதுரா வழக்கு. 1972ல போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளயே நடந்தது, ஒரு பழங்குடிப் பொண்ணு, குற்றம் சாட்டப்பட்டது ரெண்டு போலீஸ்காரங்க. உடம்புல காயம் இல்ல, எதிர்த்ததுக்கு அடையாளம் இல்லன்னு 1978ல சுப்ரீம் கோர்ட் அவங்கள விடுதலை பண்ணுச்சு. ராத்திரி நேரம், ஸ்டேஷனுக்குள்ள, போலீஸ எதிர்த்து ஒரு பொண்ணு கத்தணுமாம். யாரைக் கூப்பிட்டு கத்துவா, போலீஸையா? அடுத்த வருஷம் நாலு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினாங்க. பணிஞ்சு போறது வேற, சம்மதிக்கிறது வேறங்கிறதுதான் அதோட சாரம். 1983ல சட்டத்தை மாத்தினாங்க, காவல்ல இருக்கும்போது நடந்து, நான் சம்மதிக்கலன்னு அந்தப் பொண்ணு கோர்ட்டுல சொன்னா, சம்மதம் இல்லைன்னுதான் கோர்ட் எடுத்துக்கணும்னு. அதுக்கப்புறம் சம்மதம்னா என்னன்னு எழுதி வைக்க இன்னும் 30 வருஷம். இவரு ஒரே நிமிஷத்துல எல்லாத்தையும் பழையபடி 1978க்கு கொண்டு போயிட்டாரு.

இப்ப கமெண்ட்டுல வரப்போறது எனக்குத் தெரியும். "அப்ப பொம்பளை சொன்னதெல்லாம் வேதவாக்கா, ஆதாரமே வேண்டாமா?" யாருங்க சொன்னா வேண்டாம்னு? குற்றத்தை சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்புதான், அது மாறல, மாறவும் கூடாது, நானே ஒத்துக்கிறேன். ஆனா அவளோட சாட்சியமும் ஆதாரம்தான்ங்க. அது நம்புற மாதிரி இருந்தா அது ஒண்ணே போதும், தனியா ஆதாரம் தேட வேண்டியதில்லன்னு சுப்ரீம் கோர்ட் 1996லயே பஞ்சாப் வழக்குல சொல்லிருச்சு. நாலு சுவத்துக்குள்ள நடக்குறதுக்கு பின்ன ஊர்ல நாலு பெரிய மனுஷங்களா வந்து சாட்சி சொல்லுவாங்க? டாக்டரால காயம் இருக்கு இல்லைன்னுதான் சொல்ல முடியும். சம்மதம் இருந்துச்சா இல்லையான்னு எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. உடலுறவு பழக்கம் உண்டான்னு பாக்க விரலை உள்ள விட்டு சோதிக்கிற அந்த ரெண்டு விரல் பரிசோதனைன்னு ஒரு கேவலத்தை எத்தனை வருஷம் பண்ணிட்டிருந்தாங்க. 2013லயே தப்புன்னு சொல்லியும் கேக்காம, 2022ல இனிமே பண்ணா அது ஒழுங்கீனம்னு சுப்ரீம் கோர்ட் மறுபடி சொல்ல வேண்டியிருந்துச்சு.

"பொய் கேஸ் போடுறாங்களே?" போடுறாங்க. கல்யாணம் பண்ணிக்கிறேன்னு ஏமாத்தினான்னு வர்ற கேஸ்ல சிலது காதல் முறிஞ்ச கோபம்தான், அதுக்குன்னு புது சட்டத்துல 69னு தனிப்பிரிவு வச்சிருக்கிறதுல எனக்கே முழு உடன்பாடு கிடையாது. சரி, அதை விசாரிச்சு தள்ளுபடி பண்ணத்தானே கோர்ட் இருக்கு? எவளோ ஒருத்தி போட்ட பொய் கேஸுக்கு இவ ஏன் கத்தலன்னு பதில் சொல்லணுமா?

"அப்ப ஆம்பளைக்கு நடந்தா?" நல்ல கேள்வி. ஆணுக்கு நடந்தாலும் கேஸ் போட வழி வச்சிருந்த பழைய 377ங்கிற பிரிவு இருந்த இடத்துல புது சட்டத்துல ஒண்ணுமே வைக்கல, 18 வயசு ஆன ஆணுக்கு நடந்தா பலாத்காரம்னு போட பிரிவே இல்ல, பெரிய அநியாயம். ஆனா நீங்க அந்த ஆணுக்காகவா இதைக் கேக்குறீங்க?

"இனிமே பாண்ட் பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கணுமா மேடம்?" இதுக்கு நேத்து எழுபத்திரெண்டு ஹாஹா. பாண்ட் பேப்பர்னு நீங்களே ஆரம்பிச்சதால கேக்குறேன், மிரட்டி கையெழுத்து வாங்கினா பத்திரம் நிக்குமா? பத்திர ஆபீஸ்ல ஆள் நிறைய இருந்தாங்களே, ஏன் கத்தலன்னு உங்க பெரியப்பாவை எந்த வக்கீலாவது கேட்டா சும்மா விடுவீங்களா? ரெண்டு சென்ட் நிலத்துக்குப் புரியுற சம்மதம் உடம்புன்னு வந்ததும் புரியாம போயிடுது. அதுலயும் கல்யாணம் ஆயிருச்சுன்னா இந்த சம்மதங்கிற பேச்சுக்கே இடம் கிடையாது, மனைவிக்கு 18 வயசு ஆகியிருந்தா கணவன் பண்றது பலாத்காரம் ஆகாதுன்னு புது சட்டத்துலயும் அந்த விதிவிலக்கை அப்படியே பத்திரமா எடுத்து வச்சிருக்காங்க. இதைப் பத்தி பேச ஆரம்பிச்சா பதிவு முடியாது, விடுங்க.

இவ்ளோ நியாயம் பேசுறேனே, நான் யோக்கியமான்னு கேட்டா, இல்ல. ஜூனியரா இருந்தப்ப எங்க சீனியர் குற்றம் சாட்டப்பட்டவன் தரப்புக்கு ஆஜரான ஒரு பலாத்கார கேஸ். அ.சா.1, அதாவது அரசுத் தரப்போட முதல் சாட்சி, அந்தப் பாதிக்கப்பட்ட பொண்ணு. குறுக்கு விசாரணைக்கு கேள்விப் பட்டியல் டைப் பண்ணிக் குடுத்தது நான்தான். ரூமுக்கு எத்தனை ஜன்னல், கதவு உள்ள தாழ்ப்பாளா வெளிய தாழ்ப்பாளா, பக்கத்து வீடு எத்தனை அடி, ஏன் சத்தம் போடல. கடைசி கேள்வியை நான்தான் தடிச்ச எழுத்துல போட்டேன். சீனியர் அதைக் கேட்டப்ப அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு "கத்துனா யாரு சார் வருவா"ன்னுச்சு. ஜட்ஜ் அய்யா பதிவு பண்ணச் சொன்னது "நான் சத்தம் போடவில்லை என்றால் சரிதான்". சத்தம் போடலைங்கிறதை அவ ஒத்துக்கிட்டான்னு அர்த்தம், அவ்ளோதான். அவ கேட்ட கேள்வி எந்தக் கேஸ் கட்டுலயும் இல்ல. சந்தேகத்தின் பலன்ல விடுதலை. அந்தத் தீர்ப்பு சரியா தப்பான்னு நான் இப்ப சொல்ல வரல, அந்த வாக்குமூலத்தைச் சொல்றேன். சாயந்தரம் சீனியர் என்னைப் பாத்து "கேள்வியெல்லாம் ஷார்ப்பா இருந்துச்சும்மா"ன்னாரு. நான் தேங்க்ஸ் சார்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் ஆறேழு மாசம் இருக்கும், ஒரு நாள் பஸ்ல. நல்ல கூட்டம், பின்னாடி இருந்து ஒரு கை. முதல்ல கூட்டம்தான்னு நினைச்சேன், அப்புறம் இல்லைன்னு தெரிஞ்சுது. எனக்கு வயசு 24, கையில கோர்ட் பை, பொண்ணுங்கள மானபங்கப்படுத்துறதுக்கான 354 என்ன சொல்லுது, எவ்ளோ தண்டனை, எல்லாம் மனப்பாடம். சத்தியமா சொல்றேன், பிரிவு நம்பர் மண்டைக்குள்ள ஓடுது, வாய் திறக்கல. கம்பியைப் புடிச்சிருந்த கையைக் கூட எடுக்க முடியல. சுத்தி நாப்பது பேரு. இறங்க வேண்டிய இடத்துக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்தேன்.

இத்தனை வருஷம் கழிச்சு இப்ப ஏன் சொல்றேன்னு கேப்பீங்க. கேளுங்க, அந்தக் கேள்வியையும் நான் டைப் பண்ணியிருக்கேன்.

அந்த கிளிப்பை ஷேர் பண்ணி "கரெக்ட் பாயிண்ட்"னு போட்டதுல என் சொந்தக்காரங்க மூணு பேரு இருக்காங்க. அதுல ஒரு சித்தப்பா, சின்ன வயசுல என்னை சைக்கிள்ல வச்சு ஸ்கூலுக்கு கொண்டு போய் விட்டவரு. அன்ஃபிரண்ட் பண்ணல சித்தப்பா, நீங்க இதைப் படிக்கணும்.

அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மா ஏன்டி இவ்ளோ லேட்டுன்னு கேட்டாங்க. பஸ்ஸே வரலம்மான்னு சொன்னேன்.