எஸ்டேட் மழை நோட்டும் உலக மாநாடும்

கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் மண்ணோடு போன பிறகு, நீலகிரியில் எங்கள் பந்தலூர் பக்கம் மழை வலுத்தாலே யாருக்கும் தூக்கம் பிடிப்பதில்லை. அது நடந்தது 2024 ஜூலை 30. இரண்டே வாரத்தில் ‘வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன்’ என்ற பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. புவி சூடாகிப்போனதால் அன்றைய மழை சுமார் 10 சதவீதம் கூடுதலாகக் கொட்டியிருக்கிறது என்றது. எல்லாப் பத்திரிகையிலும் இந்த எண்தான் வந்தது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: இது சின்ன மலைப்பகுதி, இங்கே மழையின் போக்கு சிக்கலானது, அதனால் கணினி மாதிரிகள் தரும் கணக்கில் நிச்சயமின்மை அதிகம். எனக்கு உறுத்துவது இதுதான்.

ஏனென்றால் பருவநிலை மாநாடுகளில் பேரம் நடப்பதே இப்படிப்பட்ட எண்களை வைத்துத்தான். கடல்மட்ட உயர்வால் வரும் சேதத்துக்கு ஈடு வேண்டும் என்று சின்னத் தீவு நாடுகள் 1991லேயே கேட்டன. பருவநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் நாடுகளுக்கு உதவும் ‘இழப்பு மற்றும் சேத நிதி’க்கு உலகம் ஒப்புக்கொண்டது 2022இல், எகிப்து மாநாட்டில். இடையில் முப்பது வருடம். அந்த வருடம் பாகிஸ்தான் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. வளரும் நாடுகளின் ஜி-77 கூட்டணிக்குத் தலைமை தாங்கியதும் அந்த நாடுதான். மாநாட்டுக்கு முன்பே, அந்தப் பெருமழையில் புவி வெப்பமாதலுக்குப் பங்கு உண்டு என்று வயநாட்டை ஆராய்ந்த இதே விஞ்ஞானிகள் குழுவின் ஆய்வு வந்துவிட்டது. நிதியைப் பெற்றுத் தந்தது அரசியல் ஒற்றுமைதான், மறுக்கவில்லை. ஆனால் இயற்கைப் பேரிடர் என்று சொல்லி யாரும் நழுவ முடியாதபடி செய்தது ஆய்வு.

ஓசோன் கதையும் அப்படித்தான். அண்டார்டிகாவில் பல வருடம் பொறுமையாக அளந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1985இல் ஓசோன் படலத்தில் ஓட்டை இருப்பதை அறிவித்தார்கள். ஓசோனை அழிக்கும் ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் 1987இல் கையெழுத்தானது. நம் கொடைக்கானலிலும் 1957 முதல் ஓசோனை அளந்திருக்கிறார்கள். அன்று அளந்தவர்களுக்கு அது எந்த ஒப்பந்தத்துக்கு உதவும் என்று தெரிந்திருக்காது. இருந்தும் அளந்தார்கள்.

சரி, நீலகிரிக்கு வருவோம். பழைய தேயிலை எஸ்டேட்களில் காலையில் ஒருவர் மழைமானியின் புனலைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து நோட்டில் எழுதுவார். கணக்கு இன்ச், சென்ட்டில்; சென்ட் என்றால் இன்ச்சில் நூறில் ஒரு பங்கு. ‘நாலு இன்ச் இருபது சென்ட்’ என்பார்கள். தேவாலாவில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் நாளில் கோத்தகிரியில் வெயில் அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது உலகத்துக்குத் தெரிந்ததே அங்கே ஒரு மானி இருந்ததால்தான். ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு மழை இருக்கிற மலையில், இந்த நோட்டுகள் எவ்வளவு பெரிய சொத்து! எஸ்டேட் கைமாறும்போது அவை பழைய பேப்பர் கடைக்குப் போவதும் நடக்கிறது. வயிறு எரிகிறது.

‘டெல்லியிலிருந்து உலக மாநாட்டுக்குப் போகிறவர்கள் நம் நோட்டையா பார்க்கப்போகிறார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நேராகப் பார்க்க மாட்டார்கள். நோட்டிலிருந்து தரவு, தரவிலிருந்து ஆய்வு, ஆய்விலிருந்து ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கை என்று அது மேலே போகும். அந்த அறிக்கையின் சுருக்கத்தை அரசுகளின் பிரதிநிதிகள் வரிவரியாக விவாதித்து ஒப்புக்கொள்கிறார்கள். 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துச் சொன்னபோதும் அறிவியலுக்கு அந்த அறிக்கைகளைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொண்டது. நம் மலையின் மழை அந்த ஏணியின் முதல் படியிலேயே ஏறாவிட்டால், நாளைக்கு நம் இழப்பை யார் எதை வைத்துப் பேசுவார்கள்?

மாவட்ட நிர்வாகம் எஸ்டேட்கள், மின்வாரிய அணை முகாம்கள், வனத்துறை எல்லாரிடமும் இருக்கும் மழைப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டி, மில்லிமீட்டருக்கு மாற்றி, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளை வைத்தே செய்துவிடலாம்.

அதுவரை, எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களே, ரிட்டயர் ஆன அண்ணன்மார்களே, உங்களிடம் பழைய மழை நோட்டு இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். அப்புறம், மானி எந்த இடத்தில் இருந்தது, எப்போதாவது இடம் மாற்றினார்களா, பக்கத்தில் மரம் இருந்ததா என்பதையும் நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். அது தெரியாவிட்டால் ஆய்வாளர்களால் அந்த எண்களை நம்பிப் பயன்படுத்த முடியாது.