'வெறும்' மெக்கானிக்

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பள்ளிக்கூட விழாவில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. தொகுத்து வழங்கிய தம்பி மைக்கில் என்னைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். "ஐயா ஏர்ஃபோர்ஸ்ல இருந்தவங்க. ஆனா பைலட் இல்ல, வெறும் மெக்கானிக்தான்." கூட்டம் சிரித்தது. மேடையில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்து வைத்தேன். மூன்று நாளாகத் தூக்கம் வராததற்குக் காரணம் கூட்டத்தின் சிரிப்பு இல்லை. நானும் சேர்ந்து சிரித்தேனே, அதுதான்.

மெக்கானிக் என்று சொன்னதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. நான் மெக்கானிக்தான். முறையாகச் சொன்னால் இன்ஜின் ஃபிட்டர். 1976-ல், 18 வயதில், கறுப்புத் தகரப் பெட்டியோடு ரயிலேறிப் போனவன். பெங்களூரு ஜாலஹள்ளியிலும் தாம்பரத்திலும் பயிற்சி. அப்புறம் 20 வருஷம் வடக்கும் கிழக்குமாக அலைந்து 1996-ல் சார்ஜென்ட்டாக வெளியே வந்தேன். அதில் பெரும்பகுதி மிக்-21 போர் விமானங்களோடு. எனக்குக் குத்துவது 'வெறும்' என்ற அந்தச் சொல்தான். 'ஆனா' என்று ஆரம்பித்தாரே, அதுவும்தான்.

விமானப்படை என்றால் பைலட் என்று எப்படி ஆயிற்று? 1933 ஏப்ரல் 1-ஆம் தேதி கராச்சியில் ட்ரிக் ரோடு என்ற இடத்தில் இந்திய விமானப்படையின் முதல் பிரிவு தொடங்கியபோது இருந்தது நான்கு வாபிட்டி விமானங்கள், ஆறு ஆபீசர்கள், 'ஹவாய் சிப்பாய்கள்' என்று அப்போது அழைக்கப்பட்ட விமானப்படைச் சிப்பாய்கள் 19 பேர். ஆறு பேருக்கு 19 பேர். அந்த 19 பேரும் பைலட்டுகள் இல்லை. பறக்க வைத்தவர்கள். முதல் நாளிலிருந்தே கணக்கு அப்படித்தான் இருக்கிறது. அப்படியானால் அந்த 19 பேரும் 'வெறும்' ஆட்களா?

பஞ்சாபில் ஜனவரி மாதம் விடியற்காலை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான்கரை மணிக்கு ஹேங்கருக்கு, அதாவது விமானக் கொட்டகைக்கு, வெளியே நின்றால் எதிரே நிற்கிற விமானமே பனியில் தெரியாது. உலோகத்தைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். லாக்கிங் வயர் என்று ஒன்று உண்டு. நட்டு தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அதைச் சுற்றி முறுக்கிக் கட்டுகிற மெல்லிய கம்பி. கையுறை போட்டுக்கொண்டு அந்த வேலை நடக்காது. வெறுங்கையால்தான் முறுக்க வேண்டும். கம்பி முனை விரலில் ஏறும். ரத்தம் வரும். அந்தக் குளிரில் வலியே தெரியாது. ஏழு மணிக்கு டீ மக்கைக் கையில் பிடிக்கும்போதுதான் எங்கெல்லாம் கிழிந்திருக்கிறது என்று தெரியும். இன்றைக்கும் என் வலது ஆள்காட்டி விரல் நுனியில் உணர்ச்சி பாதிதான். போனில் இதை டைப் செய்யும்போதுகூட அந்த விரலை விட்டுவிட்டு அடுத்த விரலால்தான் அடிக்கிறேன்.

முதல் பறத்தலுக்கு முன்னால் ஒருவர் இன்ஜினைப் பார்ப்பார், ஒருவர் உடற்பகுதியைப் பார்ப்பார், எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்ட், ஆயுதம், ரேடியோ என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. எல்லோரும் பார்த்து முடித்து, ஃபார்ம் 700 என்கிற அந்த விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில் அவரவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பைலட் கையெழுத்துப் போடுவார். பிறகு விமானத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு ஏணியில் ஏறுவார். பின்னாலேயே எங்களில் ஒருவன் ஏறிப் பட்டைகளை இழுத்துக் கட்டுவான். இருக்கையின் பாதுகாப்புப் பின்களை உருவி, சிவப்புப் பட்டியோடு அவர் கண் முன்னால் காட்டுவான். அவர் தலையசைப்பார். "சப் டீக்?" என்பார், எல்லாம் சரியா என்று. "சப் டீக், சார்." அவ்வளவுதான் பேச்சு. அந்த இரண்டு வார்த்தையை நம்பி அந்த மனிதர் போவார். தன் உயிரை நம்பிக் கொடுக்கிற ஆளை யாராவது 'வெறும்' என்று நினைப்பார்களா? 20 வருஷத்தில் ஒரு பைலட்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. பறந்தவர்களுக்குத் தெரிந்தது வேடிக்கை பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை.

"உயிரைப் பணயம் வைப்பது பைலட்தானே, அதனால் மரியாதை அவருக்குத்தானே" என்று அந்த வீடியோவுக்குக் கீழே சிலர் எழுதியிருந்தீர்கள். மறுக்கவே இல்லை. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தின் மேல் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது நேட் விமானத்தில் எழும்பிப் போய் உயிரைக் கொடுத்தவர் ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் சேகோன். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள் அவர். அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு முதுகு நேராகிறது. ஆனால் அந்த நேட் எந்த நிமிஷமும் எழும்பத் தயாராக நின்றதே, அதை யார் நிறுத்தி வைத்தது? குண்டு விழும்போது அந்தத் தளத்தில் நின்றவர்கள் யார்? அவர்களுக்குச் சிலை வேண்டாம். 'வெறும்' வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு இரவு நடந்ததைச் சொல்கிறேன். வேலை முடிந்து கருவிகளை எண்ணிப் பெட்டியில் வைக்கும்போது ஒரு ஸ்க்ரூடிரைவர் குறைந்தது. என் கணக்கில் எடுத்தது. சின்னது, ஐந்தாறு அங்குலம்தான் இருக்கும். வெளியே எங்காவது இப்படி ஒன்று தொலைந்தால் கடையில் வேறு வாங்கிக்கொள்ளலாம். எங்களுக்கு அப்படி இல்லை. கருவி கிடைக்கும்வரை அந்த விமானம் நகராது. ஆறு பேர், இரண்டு டார்ச். திறந்து மூடிய ஒவ்வொரு பேனலையும் மறுபடி திறந்தோம். தரையில் முட்டி போட்டுக் கையால் தடவினோம். எங்கள் வாரன்ட் ஆபீசர், பாலக்காட்டுக்காரர், ஒரு வார்த்தை திட்டவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "தேடு, கிடைக்கும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இரவு இரண்டேகால் மணிக்கு என் விரலில் தட்டுப்பட்டது. த்ராட்டிலை இன்ஜினோடு இணைக்கிற கம்பிக்குப் பக்கத்தில், ஒரு விளிம்பில் சாய்ந்து நின்றது. விமானம் ஒரு தரம் புரண்டிருந்தால் நழுவிக் கம்பியில் சிக்கியிருக்கும். மறுநாள் காலை அதில் பறக்க வேண்டியவர் கல்யாணமாகி நான்கு மாதம் ஆனவர். அவருக்கு இது தெரியவே தெரியாது. ஏணியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "முகம் ஏன் இப்படி இருக்கிறது, தூங்கவில்லையா கார்ப்பரல்?" என்று இந்தியில் கேட்டார். "தூங்கினேன் சார்" என்றேன்.

இந்த மாதிரி இரவுகள் எந்த வீடியோவிலும் வராது. 2024 அக்டோபர் 6-ஆம் தேதி மெரினாவில் சாகச நிகழ்ச்சி நடந்தபோது லட்சக்கணக்கானவர்கள் அண்ணாந்து பார்த்தீர்கள். அந்த வெயிலில் நெரிசலில் உயிர் போனவர்களை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. நானும் அன்றைக்குக் கடற்கரையில்தான் இருந்தேன். தலைக்கு மேலே ஒவ்வொரு விமானம் போகும்போதும், இதை இன்று காலை யார் பார்த்திருப்பார்கள், எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள் என்றுதான் எனக்கு ஓடியது.

சரி, இப்போது அந்த இன்னொரு கமென்ட்டுக்கு வருகிறேன். "பென்ஷன் வருது, கேன்டீன் இருக்கு, கோட்டா சரக்கு இருக்கு, இன்னும் மரியாதை வேற வேணுமா?" எழுதியவர் என் பேரன் வயதுப் பையன். தம்பி, நான் குடிப்பதில்லை. என் கார்டில் வருகிற பாட்டிலை எனக்காக வாங்கியதே இல்லை. ஆனால் 'மிலிட்டரி சரக்கு கிடைக்குமா' என்று என் தெருவில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. ஊருக்கு வந்த முதல் வருஷம் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தபோது நான் எங்கே இருந்தேன், என்ன செய்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாட்டில் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். 20 வருஷத்துக்கு ஊர் வைத்த விலை அது.

பென்ஷன் என்கிறாயே. அந்தப் பென்ஷனுக்கு நான் கொடுத்ததையும் கேட்டுக்கொள். அப்பா இறந்த தந்தி எனக்கு அசாமில் கிடைத்தது, அவர் இறந்து இரண்டு நாள் கழித்து. அங்கிருந்து ஊருக்கு ரயிலில் நான்கு நாள். வாசலில் நான் இறங்கியபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் மூத்த பிள்ளை. கொள்ளி வைத்தது தம்பி. அம்மா என்னைப் பார்த்து அழக்கூட இல்லை. "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள். என் மகள் நடக்கக் கற்றுக்கொண்டதை நீல இன்லண்ட் லெட்டரில்தான் படித்தேன். இதையெல்லாம் பைலட்டும் இழந்தார், சமையல்காரரும் இழந்தார், கேட்டில் நின்றவரும் இழந்தார். இழந்ததில் 'வெறும்' இல்லை, மரியாதையில் மட்டும் எங்கிருந்து வந்தது?

எழுத வேண்டாம் என்று நினைத்திருந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். 1963-ல் சண்டிகரில் சேர்ந்த மிக்-21, அதே சண்டிகரில் 2025 செப்டம்பர் 26 அன்று விடைபெற்றது. டிவியில் பார்த்து அழுதேன். அன்றைக்கும் அதன் விபத்துகளை வைத்து 'பறக்கும் சவப்பெட்டி' என்று எத்தனை பேர் போட்டீர்கள். அந்தப் பெயரை எழுதும்போது அதைத் துடைத்துத் துடைத்து வளர்த்தவர்களும் படிப்பார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எண்பதுகளில் ஒரு நாள் இரண்டு விமானம் போயின, ஒன்றுதான் திரும்பியது. நான் அனுப்பிய விமானம் வரவில்லை. ஏணியும் சக்கரக் கட்டைகளும் அந்த இடத்தில் அப்படியே கிடந்தன. எரிபொருள் எத்தனை நிமிஷத்துக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் தாண்டியும் ஏணியை நகர்த்த விடாமல் நின்றுகொண்டிருந்தேன். அதற்குள் ஃபார்ம் 700-ஐ எடுத்துப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். அதில் என் கையெழுத்து இருந்தது.

விசாரணை முடிகிறவரை நான் சாப்பிட்டதும் தூங்கியதும் எனக்கு ஞாபகமில்லை. ஒவ்வொரு நட்டையும் மனசுக்குள் மறுபடி மறுபடி முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பறவை மோதியது என்று முடிவானது. என் கை இல்லை. எல்லோரும் தோளில் தட்டினார்கள். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. அவர் போய்விட்டாரே. அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டவன் 'வெறும்' மெக்கானிக்தானே, அவனுக்கு என்ன பொறுப்பு என்று அன்றைக்கு யாராவது சொன்னார்களா? பொறுப்பு என்று வரும்போது முழு ஆள். மேடை என்று வரும்போது வெறும் ஆள்.

"வயசாயிடுச்சு, இதையெல்லாம் பெரிசு பண்ணாதீங்க சார்" என்று அன்பாகச் சொன்னவர்களுக்கு நன்றி. பெரிசுதான் பண்ணுவேன். அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படித்திருப்பார். ஆனால் கீழே உட்கார்ந்திருந்த முந்நூறு பிள்ளைகளும் அந்தச் சொல்லைக் கேட்டார்கள். அவர்களில் ஐந்து பேருக்குப் பைலட் ஆக வாய்க்கலாம். ஐம்பது பேர் ஸ்பேனர் பிடிக்கப் போகிறவர்கள்.

விழா முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்தான். ஏழாம் வகுப்பு இருக்கும். மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள், இவன் மட்டும் பக்கத்தில் வந்து, "தாத்தா, பிளேன் கிளம்புறதுக்கு முன்னாடி கையெழுத்துப் போடுவோம்னு சொன்னீங்கல்ல, உங்க கையெழுத்து எங்க இருக்கும், பைலட்டோடது எங்க இருக்கும்?" என்று கேட்டான். பதில் சொல்வதற்குள் டீச்சர் கூப்பிட்டார், ஓடிவிட்டான். பெயர்கூடக் கேட்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் அவனிடம் சொல்லிவிடுங்கள். முதலில் எங்கள் கையெழுத்துகள், வரிசையாக. நாங்கள் எல்லோரும் போட்டு முடித்த பிறகு கடைசியாகத்தான் பைலட்டுடையது.